தாடியஸ் ஸ்டீவன்ஸ்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தாடியஸ் ஸ்டீவன்ஸ் யார்?

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் அரை நூற்றாண்டுக் காலம் வழக்கறிஞராக இருந்தவர். அந்த நாட்டு நாடாளுமன்றத்தின் கீழவையான பிரதிநிதிகள் சபையில் உள்நாட்டுப் போரின்போதும் அதன் பின்னரும் பெரும் செல்வாக்குடன் விளங்கியவர். 1792 ஏப்ரல் 4-இல் பிறந்து 1868 ஆகஸ்ட் 11-இல் மறைந்தார். அடிமைமுறையை ஒழித்த 13-ஆவது சட்டத்திருத்தத்துக்காகவும், பிறப்பால் வரும் குடியுரிமையையும் சட்டத்தின் சமமான பாதுகாப்பையும் உறுதிசெய்த 14-ஆவது சட்டத்திருத்தத்துக்காகவும் சபைக்குள் முன்னின்று போராடியவர்களில் முதன்மையானவர். ஆபிரகாம் லிங்கனின் பெயரைப் பள்ளிப் பருவத்திலேயே கேட்டறிந்த நம்மில் பலர் ஸ்டீவன்ஸின் பெயரைக் கேட்டதே இல்லை என்பது எனக்கு நெடுநாளாக உறுத்தலாக இருந்துவருகிறது. லிங்கன் காலத்தில் தொடங்கிய பணி அவர் மறைவுக்குப் பின் எவ்வளவு தூரம் சென்றது, எங்கே நின்றுபோனது என்பதை அறிய ஸ்டீவன்ஸின் வாழ்க்கையைப் படிப்பதே நேர்வழி.

அவருடைய இளமைப் பருவம் எப்படிப்பட்டது?

வெர்மான்ட் மாநிலத்தின் டான்வில் என்ற சிற்றூரில், வறிய குடும்பத்தில் பிறந்தார். பிறவியிலேயே ஒரு பாதம் வளைந்திருந்ததால் வாழ்நாள் முழுவதும் நொண்டி நடந்தார். தந்தை குடும்பத்தைக் கைவிட்டுச் சென்றுவிட, நான்கு ஆண்பிள்ளைகளை வளர்க்கும் பொறுப்பு முழுவதும் தாய் சாராவின் தலையில் விழுந்தது. பண்ணை வேலைக்கு உதவ முடியாத இந்த மகனைப் படிக்க வைத்தே ஆளாக்க வேண்டும் என்று உறுதிகொண்ட அந்தத் தாய், நல்ல பள்ளி இருந்த பீச்சம் என்ற ஊருக்குக் குடும்பத்தையே பெயர்த்துச் சென்றார். ஸ்டீவன்ஸ் பிறகு டார்ட்மத் கல்லூரியில் சேர்ந்து 1814-இல் பட்டம் பெற்றார். தம்முடைய எல்லா உயர்வுக்கும் தாயே காரணம் என்று பிற்காலத்தில் அவர் வெளிப்படையாகக் கூறிவந்தார். இலவசக் கல்விக்காக அவர் பின்னாளில் ஆற்றிய பணிக்கு வேர் இங்கேதான் இருக்கிறது.

வழக்கறிஞர் தொழிலுக்கு எப்படி வந்தார்?

பென்சில்வேனியாவின் யார்க் நகரில் பள்ளி ஆசிரியராக வேலை பார்த்துக்கொண்டே சட்டம் பயின்றார். வேறு தொழில் செய்துகொண்டு சட்டம் படித்தவரைச் சேர்த்துக்கொள்வதில்லை என்று அந்த ஊர் வழக்கறிஞர்கள் விதி வைத்திருந்ததால், எல்லை தாண்டி மேரிலாந்து மாநிலத்தின் பெல் ஏர் நகரில் தேர்வெழுதித் தேறினார். 1816-இல் கெட்டிஸ்பர்க்கில் அலுவலகம் திறந்தார். அறிமுகமோ உறவினரோ இல்லாத ஊர் அது. மறு ஆண்டு ஒரு கொலை வழக்கில் குற்றவாளிக்காக வாதாடித் தோற்றபோதிலும், அந்த வாதத்தின் திறத்தைக் கண்டே மக்கள் அவரைத் தேடி வரத் தொடங்கினர். சில ஆண்டுகளுக்குள் ஆடம்ஸ் மாவட்டத்திலிருந்து மாநில உச்ச நீதிமன்றத்துக்குச் சென்ற வழக்குகளில் பெரும்பாலானவற்றில் அவர் ஒரு தரப்பில் நின்றார். அவற்றில் பலவற்றை வென்றார். வழக்குத் தொழிலில் ஈட்டிய பணத்தை நிலத்திலும் இரும்பு உருக்காலைகளிலும் முதலீடு செய்தார்.

அடிமை உரிமையாளர் ஒருவருக்காக அவர் வாதாடினார் என்பது உண்மையா?

உண்மைதான். அவருடைய வாழ்க்கையைப் போற்றி எழுதுபவர்கள் இதை மறைக்கக் கூடாது.

பென்சில்வேனியாவில் 1780-இலேயே அடிமைமுறையைப் படிப்படியாக ஒழிக்கும் சட்டம் வந்துவிட்டது. வெளிமாநில எஜமானர் ஒருவர் தம் அடிமையை அங்கே ஆறு மாதங்களுக்கு மேல் வைத்திருந்தால், அந்த அடிமை விடுதலை பெற்றவராகிவிடுவார். மேரிலாந்தைச் சேர்ந்த சாரிட்டி பட்லர் என்ற பெண் பலமுறை பென்சில்வேனியாவுக்கு அழைத்து வரப்பட்டிருந்தார். அந்த நாட்களையெல்லாம் கூட்டினால் ஆறு மாதங்களைத் தாண்டிவிடும் என்பதால், தமக்கும் தம் பிள்ளைகளுக்கும் விடுதலை உண்டு என்று அவர் வழக்காடினார். எதிர்த்தரப்பில் எஜமானருக்காக நின்றவர் ஸ்டீவன்ஸ். இடைவிடாமல் தொடர்ந்து ஆறு மாதங்கள் இருந்தால்தான் சட்டம் பொருந்தும், விட்டுவிட்டு இருந்த நாட்களைக் கூட்டக் கூடாது என்று அவர் வாதாடினார். 1821-இல் மாநில உச்ச நீதிமன்றம் அந்த வாதத்தை ஏற்றது. சாரிட்டியும் பிள்ளைகளும் அடிமைகளாகவே திரும்பிச் சென்றார்கள்.

இந்த வெற்றியே அவருடைய மனத்தைத் திருப்பியது என்று பலர் எழுதியிருக்கிறார்கள். அவருடைய உள்ளத்தில் என்ன நடந்தது என்பதை அவர் எழுதி வைக்கவில்லை. எனவே அடுத்து நடந்தவற்றை மட்டும் சொல்கிறேன். இரண்டு ஆண்டுகள் கழித்து ஒரு பொது விருந்தில் எழுந்து நின்று, அடுத்து வரும் குடியரசுத் தலைவர் எந்த மனிதனுக்கும் விலங்கு பூட்டாதவராக இருக்கட்டும் என்று வாழ்த்துரைத்தார். அதன்பின் தப்பி வந்த அடிமைகளுக்காக, பெரும்பாலும் கட்டணம் பெறாமல், அவர் வாதாடிய வழக்குகள் பல. அடிமைச் சட்டங்களின் ஒவ்வொரு ஓட்டையையும் அறிந்த அந்தக் கூர்மை, ஒரு தாயையும் பிள்ளைகளையும் தளையில் வைத்திருக்கப் பயன்பட்ட அதே கூர்மை, பிற்காலத்தில் எதிர்ப்பக்கம் திரும்பியது. சாரிட்டி பட்லருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை என்பதையும் நாம் மறக்கக் கூடாது.

இலவசப் பள்ளிகளுக்காக அவர் செய்தது என்ன?

1833-இல் பென்சில்வேனியாவின் மாநிலச் சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். மறு ஆண்டு, வரிப்பணத்தில் எல்லாப் பிள்ளைகளுக்கும் பள்ளிக்கல்வி அளிக்கும் சட்டம் அங்கே நிறைவேறியது. அடுத்தவர் பிள்ளையின் படிப்புக்கு நான் ஏன் வரி கட்ட வேண்டும் என்று நிலவுடைமையாளர்கள் கொதித்தெழுந்தனர். சட்டத்தை நீக்கக் கோரி மனுக்கள் குவிந்தன. மாநிலத்தின் மேலவை அஞ்சிப் பணிந்து நீக்கத்துக்கு வாக்களித்துவிட்டது. ஸ்டீவன்ஸின் தொகுதி மக்களிடையேயும் எதிர்ப்பு வலுவாக இருந்தது.

1835 ஏப்ரல் 11 அன்று மாநிலத் தலைநகர் ஹாரிஸ்பர்க்கில் கீழவையில் அவர் எழுந்து பேசினார். அதற்கு முந்தைய ஏற்பாட்டில் இலவசக் கல்வி வேண்டும் பெற்றோர் தங்களை ஏழைகள் என்று பதிவுசெய்துகொள்ள வேண்டியிருந்தது. அந்த அவமானத்துக்குத் திரும்பிச் செல்லும் மசோதாவுக்குப் பெயர் சூட்டுவதானால், பணக்காரரிடமிருந்து பிரித்தறிவதற்காக ஏழைக்குச் சூடு போட்டு அடையாளமிடும் சட்டம் என்றே பெயர் சூட்ட வேண்டும் என்றார். குற்றவாளியைச் சிறையிலிட வரி கட்டத் தயங்காதவர்கள், அவன் குற்றவாளியாகாமல் தடுக்கும் பள்ளிக்கு வரி கட்ட மறுப்பது ஏன் என்றும் கேட்டார். பேச்சு முடிந்ததும் நடந்த வாக்கெடுப்பில் கீழவை நீக்கத்தை நிராகரித்தது. மேலவையும் வழிக்கு வந்தது. தம் வாழ்வில் செய்த பணிகளுள் அவர் மிகவும் பெருமைப்பட்டது இதுவே.

1838-ஆம் ஆண்டின் மாநில அரசமைப்பில் கையெழுத்திட மறுத்தது ஏன்?

அதுவரை பென்சில்வேனியாவின் சில மாவட்டங்களில் கறுப்பின ஆண்கள் வாக்களித்து வந்தார்கள். புதிய அரசமைப்பு வாக்குரிமையை வெள்ளையருக்கு மட்டும் என்று சுருக்கியது. அந்த மாநாட்டில் உறுப்பினராக இருந்த ஸ்டீவன்ஸ், அப்படிப்பட்ட ஆவணத்தில் தம் பெயர் இருக்கக் கூடாது என்று மறுத்துவிட்டார்.

கிறிஸ்டியானா வழக்கு எதைப் பற்றியது?

இரும்பு ஆலைகளால் ஏற்பட்ட பெரும் கடனைத் தீர்க்க, வழக்குகள் மிகுந்த லங்காஸ்டர் நகருக்கு அவர் 1842-இல் குடிபெயர்ந்திருந்தார். 1848-இல் அங்கிருந்து நாட்டின் பிரதிநிதிகள் சபைக்கும் தேர்ந்தெடுக்கப்பட்டார். தப்பி ஓடும் அடிமையைப் பிடிக்க எல்லாக் குடிமக்களும் உதவ வேண்டும் என்று கட்டளையிட்ட 1850-ஆம் ஆண்டுச் சட்டத்தைச் சபையில் கடுமையாக எதிர்த்தார்.

அந்தச் சட்டத்தின் துணையோடு, 1851 செப்டம்பர் 11 அன்று, எட்வர்ட் கோர்சச் என்ற மேரிலாந்து எஜமானர் தம்மிடமிருந்து தப்பியவர்களைப் பிடிக்க லங்காஸ்டர் மாவட்டத்தின் கிறிஸ்டியானா ஊருக்கு வந்தார். வில்லியம் பார்க்கர் என்ற கறுப்பினத்தவரின் வீட்டில் அவர்கள் தங்கியிருந்தார்கள். மோதல் மூண்டது; கோர்சச் உயிரிழந்தார். மத்திய அரசு 38 பேர்மீது தேசத்துரோகக் குற்றம் சாட்டியது. முதலில் விசாரிக்கப்பட்ட காஸ்ட்னர் ஹான்வே என்ற வெள்ளையர், அடிமை பிடிப்பவர்களுக்கு உதவ மறுத்ததைத் தவிரப் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. பிலடெல்பியாவில், அமெரிக்க விடுதலைப் பிரகடனம் கையெழுத்தான அதே கட்டடத்தில் விசாரணை நடந்தது. குற்றஞ்சாட்டப்பட்டவருக்காக வாதாடிய வழக்கறிஞர் குழுவில் ஸ்டீவன்ஸ் இருந்தார். நாட்டின் மீது போர் தொடுப்பதே தேசத்துரோகம். ஒருவரைப் பிடிக்க உதவ மறுப்பது எப்படிப் போராகும் என்ற கேள்விக்கு அரசுத் தரப்பிடம் விடையில்லை. ஜூரி சில நிமிடங்களிலேயே விடுதலைத் தீர்ப்பை அளித்தது. மற்றவர்கள் மீதான தேசத்துரோக வழக்கும் அத்தோடு சரிந்தது.

லிடியா ஹாமில்டன் ஸ்மித் யார்?

கெட்டிஸ்பர்க் பகுதியில் பிறந்த, கலப்பினத்தைச் சேர்ந்த பெண்மணி. இரண்டு ஆண்பிள்ளைகளின் தாய். 1840-களில் ஸ்டீவன்ஸின் இல்லப் பொறுப்பை ஏற்று, அவர் இறக்கும்வரை லங்காஸ்டரிலும் வாஷிங்டனிலும் அந்த வீடுகளை நிர்வகித்தார். ஸ்டீவன்ஸ் மணம் செய்துகொள்ளவில்லை. இருவரும் கணவன் மனைவியாக வாழ்ந்தார்கள் என்று அக்காலத்திலேயே எதிரிகள் பேசினார்கள். மெய்ப்பிக்கும் சான்று இல்லாததால் அதில் நான் நுழையவில்லை. வெள்ளையர்கள் கறுப்பினத்தவரைப் பெயர் சொல்லி அதட்டி அழைத்த காலத்தில், அவரைத் 'திருமதி ஸ்மித்' என்று மதிப்புடன் அழைக்க வேண்டும் என்பது ஸ்டீவன்ஸ் வீட்டு வழக்கம். லிடியா சொந்தமாக வீடுகளை வாங்கி வாடகைக்கு விட்ட, தொழில் அறிந்த பெண். கெட்டிஸ்பர்க் போருக்குப் பின் இருதரப்புக் காயம்பட்ட வீரர்களுக்கும் உணவும் உடையும் திரட்டிக்கொண்டு போனவர். ஸ்டீவன்ஸ் மறைந்த பிறகு அவருடைய லங்காஸ்டர் வீட்டை விலைக்கு வாங்கியவரும் அவரே.

உள்நாட்டுப் போரில் ஸ்டீவன்ஸின் பங்கு என்ன?

புதிதாக எழுந்த குடியரசுக் கட்சியின் உறுப்பினராக 1859-இல் மீண்டும் சபைக்கு வந்தவர், போர் தொடங்கிய 1861-இல் வரிவிதிப்பையும் அரசின் நிதியையும் கவனிக்கும் குழுவின் தலைவரானார். படைகளுக்குச் சம்பளம் தர அரசிடம் தங்கமும் வெள்ளியும் இல்லாத நிலையில், 1862 பிப்ரவரியில் 15 கோடி டாலர் மதிப்புள்ள காகிதப் பணத்தை வெளியிடும் சட்டத்தைச் சபையில் நிறைவேற்றிக் கொடுத்தார். கடன்பத்திரத்துக்கான வட்டியை மட்டும் நாணயமாகவே தர வேண்டும் என்று நாடாளுமன்றத்தின் மேலவையான செனட் மாற்றியபோது, வங்கி முதலாளிக்கு ஒரு பணமும் போர்வீரனுக்கு வேறு பணமுமா என்று வருந்தினார்.

அவருடைய பார்வையில் இந்தப் போர் தொடக்கத்திலிருந்தே அடிமைமுறைக்கு எதிரான போர். அடிமைமுறையில் கைவைக்க மாட்டோம் என்ற உறுதிமொழித் தீர்மானம் 1861 ஜூலையில் நிறைவேறியது; டிசம்பரில் அது மறுபடி வந்தபோது சபை அதை ஒதுக்கித் தள்ளும்படி செய்தார். தென்னகம், அதாவது அடிமைமுறையைக் காக்க நாட்டிலிருந்து பிரிந்து போரிட்ட தென்மாநிலங்கள், அவரை எவ்வளவு வெறுத்தது என்பதற்கு ஒரு நிகழ்ச்சி போதும்: 1863 ஜூனில் பென்சில்வேனியாவுக்குள் புகுந்த தென்னகப் படைத்தளபதி ஜூபல் எர்லி, ஸ்டீவன்ஸுக்குச் சொந்தமான கலிடோனியா இரும்பு ஆலையைத் தேடிச் சென்று எரித்தார்.

லிங்கனுக்கும் அவருக்கும் பகையா?

பகை என்பது மிகை. லிங்கன் நாட்டு மக்களின் கருத்து கனியும்வரை காத்திருந்து அடியெடுத்து வைத்தார். ஸ்டீவன்ஸ் அந்தக் கருத்தையே முன்னோக்கித் தள்ளினார். வாக்காளர்களில் பத்தில் ஒரு பங்கினர் விசுவாச உறுதி எடுத்தாலே ஒரு தென்மாநிலம் திரும்பலாம் என்ற லிங்கனின் 1863 டிசம்பர் திட்டத்தை அவர் ஏற்கவில்லை. ஆனாலும் 1864 தேர்தலில் லிங்கனின் வெற்றிக்கு உழைத்தார். இருவரும் ஒருவருக்கொருவர் தேவைப்பட்டார்கள் என்பதே என் கருத்து.

எல்லா வகையிலும் சமம் என்று தாம் சொல்லவில்லை என்று அவர் பேசியது ஏன்?

13-ஆவது சட்டத்திருத்தம் சபையில் விவாதிக்கப்பட்ட 1865 ஜனவரியில், இனங்களுக்கிடையே முழுச் சமத்துவம் கேட்கிறீர்களா என்று எதிர்க்கட்சியினர் அவரைச் சீண்டினார்கள். ஆம் என்று சொல்லியிருந்தால், தயங்கிக்கொண்டிருந்த சில உறுப்பினர்கள் விலகிப் போயிருப்பார்கள். எல்லாவற்றிலும் சமம் என்பது தம் கொள்கையன்று, சட்டத்தின் முன் சமம் என்பது மட்டுமே என்று அவர் விடையளித்தார். வாழ்நாள் நம்பிக்கையை ஒரு வாக்கெடுப்புக்காகச் சுருக்கிக்கொண்டார் என்று இதைக் குறைகூறுவோர் உண்டு. ஜனவரி 31 அன்று 119-க்கு 56 என்ற வாக்குகளில் திருத்தம் நிறைவேறியது. மூன்றில் இரண்டு பங்கு என்ற தேவைக்குமேல் இரண்டு வாக்குகளே மிச்சம். அந்தக் கணக்கைப் பார்க்கும்போது அவருடைய நாவடக்கத்தின் விலை எனக்குப் புரிகிறது.

விடுதலை பெற்றவர்களுக்கு நிலம் தர அவர் வகுத்த திட்டம் என்ன?

அவருடைய சிந்தனையின் உயிர்நாடி இதுதான். நிலமில்லாதவனுக்குக் கிடைக்கும் விடுதலை, பழைய எஜமானரின் வாசலிலேயே கூலிக்கு நிற்கும் விடுதலை என்பதை மிகத் தெளிவாகக் கண்டவர் அவர். 1865 செப்டம்பர் 6 அன்று லங்காஸ்டரில் ஆற்றிய உரையில் கணக்கோடு பேசினார். 200 ஏக்கருக்கு மேலோ 10,000 டாலருக்கு மேலோ சொத்து வைத்திருந்த தென்னகக் கிளர்ச்சியாளர்களின் நிலத்தைப் பறிமுதல் செய்தால், பாதிக்கப்படுவோர் ஏறத்தாழ 70,000 பேர். கிடைக்கும் நிலம் 39.4 கோடி ஏக்கர். விடுதலை பெற்ற வயதுவந்த ஆண்கள் பத்து லட்சம் பேருக்குத் தலைக்கு 40 ஏக்கர் கொடுத்தாலும் 4 கோடி ஏக்கர்தான் செலவாகும். மீதியை விற்றுப் போர்க்கடனை அடைக்கலாம், வீரர்களுக்கு ஓய்வூதியம் தரலாம்.

அவருடைய கட்சியினரே இதற்கு உடன்படவில்லை. அடிமைமுறையை வெறுத்தவர்களில் பலர் தனிச்சொத்தைத் தொட அஞ்சினர். லிங்கனுக்குப் பின் வந்த குடியரசுத் தலைவர் ஆண்ட்ரூ ஜான்சன், கிளர்ச்சியாளர்களுக்கு மன்னிப்பு வழங்கி நிலத்தையும் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தார். 1867-இல் நடக்கவும் முடியாத உடல்நிலையிலும் ஸ்டீவன்ஸ் நில மசோதாவைக் கொண்டுவந்தார், அது நிறைவேறவில்லை. விடுதலை பெற்றவர்களில் பெரும்பாலோர் விளைச்சலில் பங்கு கொடுத்துப் பிறர் நிலத்தை உழுபவர்களாகவும் தீராக் கடனாளிகளாகவும் ஆனார்கள். அவர் பெற்ற வெற்றிகள் எல்லாவற்றையும் விட இந்தத் தோல்விதான் அமெரிக்க வரலாற்றில் ஆழமான தடம் பதித்தது என்று நான் நினைக்கிறேன்.

14-ஆவது சட்டத்திருத்தத்தில் அவர் மனநிறைவு கொண்டாரா?

இல்லை. போருக்குப் பிந்தைய மறுசீரமைப்பை வகுக்க இரு அவைகளும் அமைத்த பதினைவர் குழுவில் கீழவை உறுப்பினர்களுக்குத் தலைமை தாங்கியவர் அவரே. சமமான பாதுகாப்பு என்னும் புகழ்பெற்ற சொற்களைப் பெரிதும் வடித்தவர் அவருடன் குழுவில் இருந்த ஓஹையோவின் ஜான் பிங்ஹாம். கறுப்பின மக்களின் வாக்குரிமையை அந்தத் திருத்தம் நேரடியாக உறுதிசெய்யவில்லை. செனட் அதன் கடுமையை மேலும் குறைத்தது. 1866 ஜூன் 13 அன்று இறுதி வாக்கெடுப்புக்கு முன் ஸ்டீவன்ஸ் பேசியதை நான் பலமுறை படித்திருக்கிறேன். ஒடுக்குமுறையின் சுவடே இல்லாதபடி எல்லா அமைப்புகளையும் திருத்தியமைக்கும் வாய்ப்பு ஒருநாள் வரும் என்று இளமையிலும் முதுமையிலும் கனவு கண்டதாகவும், அந்தக் கனவு கலைந்துவிட்டதாகவும், பழைய கட்டடத்தின் மிக மோசமான பகுதிகளை ஒட்டுப்போடுவதோடு நிறைவடைய வேண்டியிருப்பதாகவும் கூறினார். பிறகு ஏன் இந்தக் குறைப்பட்ட திருத்தத்தை ஏற்கிறேன் என்று தாமே கேட்டு, தாம் வாழ்வது தேவதூதர்களிடையே அன்று, மனிதர்களிடையே என்று விடை சொன்னார். மறு ஆண்டு மார்ச்சில், பத்துத் தென்மாநிலங்களை ஐந்து இராணுவ மண்டலங்களாக்கி, அங்கே கறுப்பின ஆண்களுக்கு வாக்குரிமை அளித்த சட்டம் வந்தது. திருத்தம் 1868 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. அதை அவர் உயிரோடு இருந்து கண்டார்.

இந்திய அரசமைப்பின் 14-ஆவது பிரிவில் உள்ள 'சட்டங்களின் சமமான பாதுகாப்பு' என்ற தொடர் இந்த அமெரிக்கத் திருத்தத்திலிருந்து எடுக்கப்பட்டதே. எண் ஒன்றாக அமைந்தது தற்செயல்.

ஆண்ட்ரூ ஜான்சனைப் பதவிநீக்க முயன்றது எப்படி முடிந்தது?

மறுசீரமைப்புச் சட்டங்களைத் தொடர்ந்து முடக்கிவந்த ஜான்சன், போர்த்துறைச் செயலர் ஸ்டான்டனை நீக்கியதை அடுத்து, 1868 பிப்ரவரி 24 அன்று சபை 126-க்கு 47 என்ற வாக்குகளில் அவர்மீது குற்றம் சாட்டியது. ஸ்டீவன்ஸை அப்போது நாற்காலியில் வைத்துத் தூக்கி வந்தார்கள். தம் வாதத்தைச் செனட்டில் படிக்கத் தொடங்கிய அவரால் முடிக்க இயலாமல், உடன் உறுப்பினர் பெஞ்சமின் பட்லர் எஞ்சியதைப் படித்தார். ஸ்டீவன்ஸ் முனைந்து வரைந்த 11-ஆவது குற்றச்சாட்டு மே 16 அன்று முதலில் வாக்குக்கு வந்தது: ஆதரவு 35, எதிர்ப்பு 19. பதவிநீக்கத்துக்குத் தேவையான மூன்றில் இரண்டு பங்குக்கு ஒரே ஒரு வாக்குக் குறைந்தது.

அவருடைய கல்லறை லங்காஸ்டரின் சிறிய இடுகாட்டில் இருப்பது ஏன்?

மூன்று மாதங்களுக்குள் வாஷிங்டனில் காலமானார். அவருடைய உடல் நாடாளுமன்றக் கட்டடத்தின் வட்ட மண்டபத்தில் வைக்கப்பட்டு, கறுப்பின வீரர்கள் காவல் நின்றனர். லங்காஸ்டரின் பெரிய இடுகாடுகள் வெள்ளையரை மட்டுமே ஏற்றன. அதனால் எல்லா இனத்தவரையும் ஏற்ற ஷ்ரைனர் இடுகாட்டைத் தேர்ந்து, கல்லில் பொறிக்க வேண்டிய சொற்களையும் தாமே எழுதி வைத்திருந்தார். தனிமையை விரும்பி இங்கே துயில்கொள்ளவில்லை. மற்ற இடுகாடுகள் இனத்தால் வரம்பிட்டிருப்பதைக் கண்டு, நெடுங்காலம் வாழ்ந்து வலியுறுத்திய கொள்கையை, படைத்தவன் முன் மனிதர் சமம் என்பதை, இறப்பிலும் காட்டவே இதைத் தேர்ந்தேன் என்பது அதன் சாரம்.

நெடுங்காலம் அவர் கொடியவராகச் சித்திரிக்கப்பட்டது ஏன்?

20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய செல்வாக்குமிக்க வரலாற்றாசிரியர்கள், மறுசீரமைப்பைத் தென்னகத்தின்மீது வடக்கு நிகழ்த்திய பழிவாங்கலாகவே கண்டனர். கறுப்பின மக்களுக்கு வாக்குரிமை அளித்ததையே குற்றமாக எழுதினர். 1915-இல் வெளிவந்த புகழ்பெற்ற ஊமைப்படம் ஒன்றில் அவரை மாதிரியாகக் கொண்ட பாத்திரம் வெறுப்பின் உருவமாக வந்தது. அவருடைய சுடுசொல்லும் எதிரியை மன்னிக்காத இயல்பும் அந்தச் சித்திரத்துக்கு உதவின என்பதை மறுக்க முடியாது. பள்ளிகளில் இனப்பிரிவினை செல்லாது என்று 1954-இல் உச்ச நீதிமன்றம் 14-ஆவது திருத்தத்தைக் கொண்டே தீர்ப்பளித்த காலத்திலும், அதையடுத்து கறுப்பின மக்கள் சம உரிமைக்காகப் போராடிய காலத்திலும்தான் மதிப்பீடு மாறத் தொடங்கியது.

உயிலில் என்ன எழுதியிருந்தார்?

லிடியா ஸ்மித்துக்கு ஒரே தொகையாக 5,000 டாலர் அல்லது ஆண்டுக்கு 500 டாலர், அவர் விருப்பப்படி. இனமோ நிறமோ பாராமல் அநாதைப் பிள்ளைகளைச் சேர்த்துத் தொழில் கற்பிக்கும் இல்லத்துக்கு ஒரு பெருந்தொகை. அந்த எண்ணத்திலிருந்து 1905-இல் லங்காஸ்டரில் தோன்றிய தொழிற்பள்ளி இன்று அவர் பெயர் தாங்கிய தொழில்நுட்பக் கல்லூரியாக இயங்குகிறது. பீச்சம் இடுகாட்டுக்கும் ஒரு தொகை ஒதுக்கியிருந்தார்: ஆண்டுதோறும் வசந்தத்தில் தம் தாயின் கல்லறையின் நான்கு மூலைகளிலும் ரோஜாவும் மனத்துக்கு மகிழ்வூட்டும் வேறு பூச்செடிகளும் நட வேண்டும் என்பது அதற்கு அவர் விதித்த நிபந்தனை.